முந்நூறு மேற்கோள் மொய்

மொய் மேசையில் அதுவரை இருநூற்றுப் பதினாறு மேற்கோள் விழுந்திருந்தது. இன்னும் எண்பத்து நான்கு வேண்டும்.

மகள் கழுத்தில் தாலி ஏறியதைக்கூடப் பவளக்கொடி சரியாகப் பார்க்கவில்லை. ஒரு கண் மணமேடையில், ஒரு கண் மண்டப வாசலில். அவள் மணிக்கட்டில் தரமானி பச்சையாக மின்னியது: 412. நாட்டின் பொறியியல் ஆய்வாளர்களில் அவளுடைய இடம்.

மேசையில் தம்பி தணிகாசலம். வருபவர் தம் தரமானியை அவன் பலகையில் தொட்டால் போதும். அவர் என்றோ எழுதிய கட்டுரையில் பவளக்கொடியை மேற்கோள் காட்டி ஒரு வரி தானாகச் சேர்ந்துவிடும். ஆய்வாளர் வீட்டுக் கல்யாணங்களில் பத்து வருடமாக இதுதான் மொய். எந்தக் கட்டுரை என்று யாரும் கேட்பதில்லை.

தணிகாசலம் மட்டும் காலையில் கேட்டான். "எதுக்குக்கா எழுதுறது? வழக்கமான பாலச் சூத்திரத்துக்கா?"

"இல்லடா. இன்னைக்குப் போட்ட குறிப்புக்கு. ஒரே பக்கம்தான்."

அந்தப் பாலச் சூத்திரம்தான் பிழை. காற்றுச் சுழலின் ஒரு கூறை விட்டுவிட்டதை மூன்று நாளைக்கு முன்புதான் கண்டுபிடித்தாள். ஒன்பதாயிரம் பேர் மேற்கோள் காட்டிய சூத்திரம். அதை நம்பிக் கட்டியது முத்துத்துறைப் பாலம். இன்று பிற்பகல் புயல். இரண்டு மணிக்கு மகள் மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸில் அந்தப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். பஸ்ஸை நிறுத்தலாம். பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயிலை?

பாலத்தை மூட 'செவி' ஒன்றால்தான் முடியும். அமைச்சகத்தின் எந்திரம். தினமும் குவியும் லட்சக்கணக்கான கட்டுரைகளில், தரவரிசையில் முதல் ஐந்நூறு பேர் தனக்கு அனுப்புவதை மட்டும் படிக்கும். படித்த நிமிடமே செயல்படும். ஆனால் வரிசைப்படி. 'என் சூத்திரம் பிழை' என்ற முதல் வரியைப் படித்ததுமே அந்த ஒன்பதாயிரம் மேற்கோளையும் கழித்துவிடும். 'பாலத்தை மூடு' என்ற இரண்டாவது வரி வரும்போது பவளக்கொடி ஐந்நூறில் இருக்கமாட்டாள்.

பட்டியலில் உள்ள இரண்டு பேரைக் கெஞ்சிப் பார்த்தாள். "என் தரமும் அந்தச் சூத்திரத்துலதாம்மா நிக்குது" என்றார்கள் இருவரும்.

அன்றன்றைக்கு விழும் மேற்கோளுக்கு எடை அதிகம். முந்நூறு விழுந்தால் தாங்கும்.

பதினொன்றே முக்காலுக்கு இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. அதற்குமேல் ஆள் இல்லை. பவளக்கொடி சம்பந்தியிடம் போனாள். வைத்திலிங்கம், தரம் 37.

"சம்பந்தி, ஒண்ணு எழுதிடுங்களேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் மொய் வைக்கிறதா? நல்லாருக்கே!"

"உங்க பெரியவன் கல்யாணத்துக்கு நான் ரெண்டு எழுதினேனே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஞாபகமா வசூல் பண்றாங்கப்பா!" அவரும் சிரித்துக்கொண்டே தொட்டார்.

முந்நூறு. குறிப்பைச் செவிக்கு அனுப்பினாள்.

தரமானி 9,140க்குச் சரிந்தது. ஒரு மூச்சு. புது மேற்கோள் முந்நூறும் சேர, 498க்கு ஏறி நின்றது. எல்லார் கைபேசியிலும் செய்தி: முத்துத்துறைப் பாலம் மூடல், ரயில் நிறுத்தம்.

காலையிலிருந்து முதல் முறையாக உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மண்டபத்தில் மணிக்கட்டுகள் ஒவ்வொன்றாக அலறின. எல்லாம் சிவப்பு. செவி அத்தோடு நிற்கவில்லை. மேற்கோள் காட்டியவர் படித்து ஒப்புக்கொண்டவர் என்பது அதன் விதி. முந்நூறு நிபுணர்கள் சூத்திரம் பிழை என்று சொல்லியாயிற்று. அந்தச் சூத்திரத்தை நம்பி அவர்களே எழுதிய கட்டுரைகளையெல்லாம் செவி நீக்கிவிட்டது. வைத்திலிங்கம் இப்போது 11,206.

"சம்பந்தியம்மா! எதுக்கு என்னை ஒப்புக்க வச்சீங்க?"

"ஒரே பக்கம்தான் சம்பந்தி. படிச்சிருக்கலாமே."

பாலம் மூடியதால் பஸ்ஸும் போக முடியாது. பந்தியில் பாயசம் ஆறிக்கொண்டிருக்க, முந்நூறு பேரும் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தார்கள். வைத்திலிங்கம் இலையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டார்.

"ஏழாவது வரியைப் பாருங்க. தொண்ணூறு கிலோமீட்டர் காத்துலதான் ஆபத்துன்னு போட்டிருக்கீங்க. எழுபதுலயே ஆடும்."

பவளக்கொடி சரிபார்த்தாள். அவர் சொன்னது சரி. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் எழுதியதை ஒருவர் படித்துத் திருத்தியிருக்கிறார். மகிழ நேரமில்லை. அதே சூத்திரத்தில் கட்டிய, எழுபதைத் தாண்டும் காற்று வரப்போகிற இன்னும் பதினாறு பாலங்கள் திறந்தே இருந்தன. அவள் குறிப்பைத் திருத்தினால் முந்நூறும் கழிந்துவிடும்.

"உங்க பேர்ல அனுப்புங்க சம்பந்தி!"

"பதினோராயிரத்துல இருக்கிறவன் பேச்சைச் செவி கேக்குமா?"

"தணிகா, பலகையைச் சம்பந்தி பேருக்கு மாத்து! எல்லாரும் வரிசையில வாங்க, சீக்கிரம்!"

வந்தார்கள். முதலில் நின்றவர் பலகையருகே கையைக் கொண்டுபோய், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இருங்கம்மா. ஒரு தடவை பட்டது போதும். இதை நான் முழுசாப் படிச்சுட்டுத்தான் தொடுவேன்."

பின்னால் நின்ற இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். யாரோ காகிதமும் பேனாவும் கேட்டார்.

வெளியே வாழைமரத் தோரணம் பிய்த்துக்கொண்டு பறந்தது. காற்று அறுபத்தெட்டு.