வாலுக்குப் பின்னால்

நூலகத்துச் சுவரோரம் திரும்பும்போதுதான் அது முதலில் அவள் காதில் விழுந்தது. பின்னால் யாரோ நடந்து வருகிறார்கள். ஒரு கால் அழுத்தமாக ஊன்றுகிறது, இன்னொன்று தரையை உரசிக்கொண்டு வந்து சேர்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து நடக்க முடியாமல் திணறும் ஒருவரின் நடை. தெருவென்றால் நாலு பேர் நடக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் கூட்டத்தில் அவளுக்குப் பின்னால் யாரும் இருக்க முடியாது. கடைசி ஆளாக வருவதுதான் அவள் வேலை.

அந்தப் பேட்டையின் நடைக்குழு சாயங்காலம் அலுவலகங்கள் விட்டதும் நூலகப் படிக்கட்டில் கூடும். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, கால்வாய்க்கரையைப் பிடித்து, ரயில் பாதைக்கு அடியிலிருக்கும் சுரங்கப்பாதையில் புகுந்து, விளையாட்டு மைதானத்தில் போய் முடிக்கும். முன்னால் போகிறவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். வாயிலிருந்து விசிலை எடுக்கமாட்டார் என்பதால் அவர் பெயரே 'விசில்' ஆகிவிட்டது. பளபளக்கும் பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் வருகிறவர் 'வால்'. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போனவர்கள் நின்று, பின்னாலிருந்து "வால் வந்தாச்சு!" என்ற குரல் கேட்ட பிறகுதான் நகர்வார்கள். யாராவது குனிந்து ஷூ கயிறு கட்டினால் வால் நிற்கும். யாருக்காவது மூச்சு வாங்கினால் வால் நிற்கும். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. குழுவுக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

போன வாரம்வரை வாலாக இருந்தவர் தபால்காரர். திடீரென்று முட்டி வலி என்று சொல்லி ஜாக்கெட்டைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டார். அந்த முட்டியோடுதான் இப்போது விசிலின் தோளை இடித்துக்கொண்டு முதல் வரிசையில் போகிறார்.

அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. எப்படியும் அவள் கணவர்தான் எல்லாரையும்விட மெதுவாக நடப்பார். நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்தவரை, "நடக்க வையுங்கள், படுக்கவிட்டால் கையை விட்டுப் போய்விடுவார்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அன்றிலிருந்து இந்த நடையை அவள் மருந்து மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய மூச்சு ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில், கொதிக்கத் தொடங்கும் கெட்டில் போல மெல்லிசாக ஒரு சீழ்க்கை எழும். இரவில் அந்தச் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்குவாள். அது கொஞ்சம் தாமதித்தாலும் தூக்கத்திலேயே அவள் கை அவர் நெஞ்சைத் தேடிப் போகும்.

"டிரைவர் சார், கியரை மாத்துங்க!" என்று முன்னாலிருந்து விசில் கத்தினார்.

"வண்டி பழசு, வாத்தியாரே. பின்னாடி வந்து தள்ளுங்க," என்றார் அவள் கணவர். பஸ் ஓட்டிக் காய்த்துப்போன கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பின்னால் அந்தக் கால் மறுபடி தரையை உரசியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்குக் கம்பம், ஈரம் மினுங்கும் நடைபாதை, சுவரோரம் ஒதுங்கிக் கிடந்த சருகுகள். ஆள் இல்லை.

அவளுக்குக் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வாள். அவள் எந்தச் சத்தமும் அனுப்பாதபோதே அழுத்துகிறவர்கள் உண்டு. 'கேட்டுச்சும்மா, சத்தியமா கேட்டுச்சு' என்பார்கள். அவர்களைப் பார்த்து மனசுக்குள் எத்தனை தடவை சிரித்திருப்பாள். இப்போது நானும் அந்த ரகம்தானா என்று நினைத்து நடையைத் துரிதப்படுத்தினாள்.

கால்வாய்க்கரையில் பனி இறங்கியிருந்தது. தண்ணீரிலிருந்து அழுகிய இலையும் துருவும் கலந்த வாடை எழுந்து தொண்டையில் ஒட்டியது. வேலிக்கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தது, அடங்கியது, மறுபடி படபடத்தது. அந்தப் படபடப்புக்கு நடுவே, அவசரமே இல்லாமல், அந்தக் கால் ஊன்றி உரசி, ஊன்றி உரசி வந்துகொண்டே இருந்தது.

திருப்பத்தில் கூட்டம் காத்திருந்தபோது தபால்காரரைத் தனியே பிடித்தாள்.

"அண்ணா, பின்னாடி யாராவது வருவாங்களா? நம்ம ஆளுங்க யாராச்சும் லேட்டா வந்து..."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாலுக்குப் பின்னாடி ஆள் கிடையாதும்மா."

"இல்லண்ணா, எனக்குக் கேக்குது."

"கேக்கும். கேட்டுட்டுப் போகட்டும். நீ நிக்காத. மத்தவங்களுக்காக நில்லு, அதுக்காக நிக்காத." குரலை இறக்கினார். "நான் நிக்காம வந்துட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மேலே எதையும் கேட்கவிடாமல் அவர் முன்னால் போய்விட்டார். கொடுக்க வேண்டிய குரலை அவள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. "வால் வந்தாச்சு," என்றாள். குரல் பிசிறடித்தது.

சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது முன்னால் போனவர்கள் பாதி தூரம் கடந்திருந்தார்கள். மேலே ஒரு குழல்விளக்கு விட்டு விட்டு எரிந்தது. சுவரில் நீர் கசிந்து, பாசி வழுக்கும் பச்சையாக மின்னியது. சிறுநீரும் ஈரச் சிமெண்டும் நாறின. கணவரின் மூச்சு அவள் தோளருகே சீழ்க்கையடித்தது. இந்தப் பாதையைத் தாண்டினால் மைதானம். மைதானத்தைத் தாண்டினால் வீடு. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் போதும்.

அப்போது அவர் நின்றார்.

"யாரோ வர்றாங்க."

அவருக்கும் கேட்கிறது.

"ஒண்ணுமில்ல. நடங்க."

"காலை இழுத்துட்டு வர்றாங்கம்மா. பாவம்."

"நம்ம ஆளு இல்லைங்க. வாங்க, சொல்றேன்ல!"

அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. பஸ்ஸைக் கிளப்பிய பிறகும் கண்ணாடியில் ஒரு ஆள் ஓடிவருவது தெரிந்தால் பிரேக் போடுகிறவர் அவர். பயணிகள் திட்டுவார்கள், கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார், அவர் சிரித்துக்கொண்டே காத்திருப்பார். ஒரு மழைநாளில் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்படி ஓடிவந்த பெண் அவள். அந்த பஸ் நின்றதால்தான் அவளுக்கு ஒரு கல்யாணமும் ஒரு வீடும் வாய்த்தன. அவரிடம் போய், நிற்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வாள்?

அவர் இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வாங்க, வாங்க! அவசரமில்ல. நாங்க நிக்கிறோம்."

ஒரு கணம் சத்தமே இல்லை.

பிறகு கால்கள் வந்தன. உரசல் இல்லை. இழுப்பு இல்லை. ஓட்டம்.

விளக்கு அணைந்தது.

மிக அருகில் வந்து நின்றது.

விளக்கு எரிந்தது. எதிரே வெறும் பாதை. ஈரம். பாசி. அவள் தோளிலிருந்த அவர் கை எழுந்து விலகியது.

"இப்படிப் பிடிச்சுக்கோங்க," என்றார் அவர். அவளிடம் அல்ல. வலது முழங்கையை மடக்கி வெளிப்பக்கமாக நீட்டினார். அவருடைய ஸ்வெட்டரின் கைப்பகுதி, ஏதோ கனமாகத் தொங்கியதுபோல், கீழே இழுபட்டது.

"என்னங்க..."

அவர் நடந்தார். வேகமாக. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததேயில்லை. அவள் பின்னால் ஓடினாள். சீழ்க்கை கேட்டது. கேட்கிறது, கேட்கிறது என்று மனசு ஒரு நொடி ஆறியது. பிறகு காது விழித்துக்கொண்டது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அது அவரிடமிருந்து வரவில்லை.

அவருக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது. மடக்கிய முழங்கைக்கு அப்பாலிருந்து.

எட்டி அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். கம்பளி கதகதப்பாக இருந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை.

"மூச்சு விடுங்க. என்னங்க, மூச்சு விடுங்க!"

அவர் திரும்பிச் சிரித்தார். பஸ் கண்ணாடியில் அவள் முதன்முதலாகப் பார்த்த அதே சிரிப்பு.

"எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா? நெஞ்சுல இருந்த கல்லை யாரோ எடுத்துட்ட மாதிரி."

பாதை முடிந்தது. மைதானத்தின் பெரிய விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. கூட்டம் காத்துக்கொண்டிருந்தது.

"அடேயப்பா, டிரைவர் சார் டாப் கியர்ல வர்றாரு!" என்று விசில் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். தபால்காரர் மட்டும் தட்டவில்லை. அவள் கணவரின் மடக்கிய முழங்கையையே பார்த்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார்.

குளிர் கடுமையாக இருந்தது. ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாகப் புகை கிளம்பியது. விசிலின் வாயிலிருந்து. தபால்காரரின் வாயிலிருந்து. அவளுடைய வாயிலிருந்தும்.

கணவர் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாயிலிருந்து மட்டும் புகை வரவில்லை.

அவர் தோளுக்குப் பக்கத்தில், யாருமே இல்லாத இடத்தில், காற்றிலிருந்து வெள்ளையாக ஒரு புகை வந்தது. கலைந்தது. மெல்லிய சீழ்க்கையோடு இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றாக, ஆற அமர, அது அவருடைய மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.