எரிந்தது பேசாது

வண்டியில் வாசனை வரவில்லை.

கட்டடங்கள் தீர்ந்து சாலை அகலமான பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. உச்சி வெயில். இப்படிக் காய்கிற நாளில் கஞ்சா சும்மா இருக்காது. எத்தனை உறை போட்டு, எத்தனை சுற்று ஒட்டினாலும் பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கசிந்து வந்து, ஈர வைக்கோலை மூட்டம் போட்டது போலத் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும், வீட்டுக்குப் போனால் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு கதவைத் திறப்பாள். இன்றைக்கு முன்கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை மண அட்டையின் வாசனை மட்டும்தான் இருந்தது. இல்லை, அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. துருப்பிடித்த குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தால் நாக்கில் நிற்குமே, அந்த மாதிரி ஒன்று.

வாசனை இல்லாவிட்டால் நல்லதுதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவன் வருடக்கணக்காகக் கனத்தோடேயே ஓட்டுகிறவன். சலவைச் சட்டை, மழித்த முகம், சீட் பெல்ட் என்று பார்க்கிறவர்களுக்கு ஏதோ பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பான். 

காலையில் சரக்கு அனுப்புகிற பெரியவர் போனில் பேசியது திரும்பத் திரும்ப நினைவில் ஓடியது.

இந்தத் தொழிலில் போனில் யாரும் சரக்கு என்று சொல்வதில்லை. மச்சான் என்பார்கள். மச்சான் கிளம்பிட்டான் என்றால் சரக்கு ஏறிவிட்டது. மச்சானுக்குச் சளி பிடிச்சிருக்கு என்றால் ஈரம் பட்டுவிட்டது. எவன் ஒட்டுக் கேட்டாலும் குடும்பப் பேச்சு என்று விட்டுவிடுவான். இதில் திண்டாட்டம் இவனுக்கு மட்டும்தான். ஏனென்றால் இவனுக்கு அதே தொழிலில் நிஜமாகவே ஒரு மச்சான் இருந்தார், மனைவியின் அண்ணன். "எந்த மச்சான்?" என்று இவன் கேட்கும்போதெல்லாம் கூட்டாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வெட்கப்பட்டு, கடைசியில் கேட்பதையே நிறுத்திவிட்டான்.

"உன் மச்சான டிக்கியில படுக்க வெச்சிருக்கேன்," என்றார் பெரியவர். "பத்திரமா கொண்டு போய் விட்டுடு."

"சரிங்க ஐயா."

"நடுவுல தொந்தரவு வந்தா?"

"எரிச்சிடுறேங்க. எரிஞ்சது பேசாது."

அது பெரியவரின் சொந்த வாக்கு. பிடிபட்ட சரக்கு பேசும், எரிந்தது பேசாது. அதற்காகவே முன்சீட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு பெட்ரோல் கேன் இருக்கும். இவன் ஒழுங்காக ஒப்பித்ததைக் கேட்டுப் பெரியவர் சிரித்தார். அவர் சிரித்து இவன் அதுவரை கேட்டதில்லை.

மச்சான் என்பதுதான் வழக்கம். இன்றைக்கு மட்டும் எதற்கு 'உன்' என்று ஒரு சொல் கூட வந்தது? கிழவர்கள் பேச்சில் அப்படி இப்படி வரும் என்று அதையும் ஒதுக்கினான்.

போன் அடித்தது. மனைவி. ஏழு மாதம் ஆகிவிட்டதால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள்.

"ஏங்க, அண்ணன் இன்னும் போன எடுக்கல. பட்டறையும் பூட்டியே கிடக்குதாம்."

"எங்கயாவது வேலையா போயிருப்பாரு."

"சொல்லாம போக மாட்டானே. முந்தாநாள் சாயங்காலம் உங்க பெரியவரப் பாக்கப் போறேன்னு சொன்னான். அவ்வளவுதான்."

"வந்துடுவாரு. நீ வெயில்ல அலையாத."

வைத்துவிட்டான். 

மச்சான் எதற்காகப் போனார் என்று இவனுக்குத் தெரியும். மச்சானுடையது கார்களின் ஒடுக்கெடுக்கிற பட்டறை. போன மாதம் ஒருவன் போலீசைப் பார்த்து மிரண்டு, சரக்கை எரிக்காமல் பள்ளத்தில் வீசிவிட்டு ஓடினான். அவனைப் பிடித்து அந்தப் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். மச்சானின் வேலை மேசை மேல் அவன் கையைப் பரப்பி வைத்து, வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு விரலாக உடைத்தார்கள். கையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியவர் மச்சான். விரல் உடைகிறபோது, காய்ந்த குச்சியை ஈரத்துணியில் சுற்றி ஒடிப்பது போலச் சத்தம் வந்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பின்கட்டில் வாந்தி எடுத்தார். "போதும் மாப்ள," என்றார். "குழந்த பொறக்கறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் இதுல இருந்து வெளிய வந்துடணும். பெரியவர்கிட்ட நான் பேசுறேன்."

வெளியே வந்துவிட வேண்டும். இவனுக்கும் அதுதான் ஆசை. இந்த ஒரு நடை முடிந்தால் மச்சானும் பேசி முடித்திருப்பார், குழந்தை பிறக்கும்போது இரண்டு பேரும் நல்ல மனுஷர்களாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினான்.

டொக்.

பின்னாலிருந்து வந்தது. பள்ளத்தில் இறங்கியிருக்கும். இல்லை, சாலை கண்ணாடி மாதிரி இருந்தது.

ஸ்டெப்னி ஆடுகிறது என்று நினைத்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். யாரோ ஒரு பெண் அடுப்பில் எதையோ தாளிப்பது எப்படி என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்கு அடியில் அது மறுபடி வந்தது. பிறகு எதையோ தகரத்தில் தேய்ப்பது போல ஒரு நீண்ட சத்தம். நின்றது. கொஞ்ச தூரம் விட்டு மறுபடி.

வண்டியை ஓரம் கட்டித் திறந்து பார்க்கலாம்தான். பார்த்தாலும் பயன் இல்லை. பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே குறுக்காக ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, டிக்கியைத் திறந்தால் வெறும் பின்சுவர் மாதிரிதான் தெரியும். அதைச் செய்ததே மச்சான்தான். கொண்டு போகிறவனிடம் சாவி இருக்கக் கூடாது, வாங்குகிறவனிடம்தான் இருக்க வேண்டும் என்பது பெரியவரின் சட்டம். அளவு சரியா என்று பார்க்க மச்சானே உள்ளே கால் மடக்கிப் படுத்து, மூடச் சொல்லி, உள்ளிருந்து தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். ஒரு தட்டு. ஒடுக்கெடுக்கும்போது அவர் சுத்தியல் எப்போதும் அப்படித்தான் விழும். "கேக்குதா மாப்ள?" என்றார் உள்ளிருந்து. வெளியே வந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குள்ள போனா செஞ்சவனே ஆனாலும் வெளிய வர முடியாது," என்று பெருமையாகச் சொன்னார்.

வளைவு திரும்பியதும் தடுப்பு வைத்திருந்தார்கள்.

இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் வந்த ஒருவனைத் தரையில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய ஹெல்மெட்டாலேயே அவன் வாயில் அடித்தார்கள். பல் தெறித்துத் தாரில் விழுந்து உருண்டது. அவன் கையை ஊன்றி எழுந்தான், மறுபடி அடித்தார்கள். மூன்றாவது ஆள், வயதானவர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவன் ஜன்னலுக்கு வந்தார்.

"எங்க போறீங்க?"

"கல்யாண விஷயமா, சார். பொண்ணு வீட்டுக்கு."

அவர் மூக்கை உள்ளே நீட்டி மோந்தார். எலுமிச்சை மணம். தலையை ஆட்டினார். போகச் சொல்லக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

டொக்.

"டிக்கியத் திற."

இறங்கினான்.  டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு பழைய விரிப்பு. ஸ்டெப்னி அசையாமல் திருகப்பட்டிருந்தது. பின்சுவரில் கறுப்புத் தகடு, அதன் நடுவில் சின்னதாக ஒரு மேடு. வெளியிலிருந்து இடித்தால் குழி விழும். உள்ளிருந்து இடித்தால்தான் மேடு வரும்.

அவர் லத்தியால் தகட்டைத் தட்டினார்.

உள்ளிருந்து சத்தம் ஏதும் இல்லை. ஈ ஒன்று தகட்டின் மூலையில் உட்கார்ந்து கையைத் தேய்த்தது. பிறகு, மிகப் பலவீனமாக, உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

அவர் இவனைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, ஏதோ புரியத் தொடங்கிய திகில்தான் இருந்தது. "யாருய்யா உள்ள?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து, தலையை உள்ளே விட்டு, தகட்டில் காதை வைத்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றவனுக்குப் பட்டறை மேசை கண்ணில் வந்தது. அந்த மேசையில் பரப்பிய கை தன்னுடையதாக வந்தது. டிக்கியின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து அவர் கழுத்தின் மேல் அறைந்தான். நல்ல விறகை முறித்தது போலச் சத்தம். மறுபடி அறைந்தான். தொப்பி கீழே விழுந்தது. அவரும் சரிந்தார்.

ஓட்டினான்.

மூடி பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டது. தார்ச்சாலையை விட்டு மண் தடத்தில் இறங்கினான். கைவிட்ட கல்குவாரி. மேலே வெயில் சாய்ந்து பள்ளத்துக்குள் நிழல் விழுந்திருந்தது. எங்கோ சைரன். கேனை எடுத்தான். மூடி திறக்கவில்லை, பல்லால் கடித்துத் திருகினான். சீட்டில் ஊற்றினான். டிக்கியில் ஊற்றினான். தகட்டின் இணைப்புகளில் பெட்ரோல் வழிந்து உள்ளே இறங்கியது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

கேன்தான் களகளக்கிறது என்று சொல்லிக்கொண்டான். வாயை டேப் போட்டு ஒட்டினால் மனிதன் இருமுவது அப்படித்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. சைரன் நெருங்கியது. பெரியவர் சிரித்தார். எந்த மச்சான் என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

தீக்குச்சி முதல் உரசலிலேயே பிடித்துக்கொண்டது.

குப்பென்று எழுந்த தீ அவன் புருவத்தைக் கருக்கியது. பின்னால் விழுந்தான். அப்போதுதான் கேட்டது.

டொக், டொக்.

நிறுத்தம்.

டொக்.

"மச்சான்," என்றான்.

எழுந்து ஓடினான். தீக்குள் கையை விட்டான். தகட்டைப் பிடித்து இழுத்தான். கைத்தோல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சாவி இல்லை. ஜாக்கியால் அடித்தான். பூட்டு அசையவில்லை. மச்சானின் வேலை. சுத்தமான வேலை. உள்ளே கதறல், ஒட்டிய வாய்க்குள்ளேயே சுருண்டுகொண்ட கதறல். அதில் ஒரு சொல் மட்டும் தெளிவாக இருந்தது. மாப்ள.

டயர் வெடித்தது. கண்ணாடி வெடித்தது. அவன் தூக்கி எறியப்பட்டான். கதறல் இன்னும் இருந்தது. இருந்தது. பிறகு இல்லை.

சைரன் வேறு திசையில் போய்த் தேய்ந்தது. யாரும் வரவில்லை. அவன் கல் மேல் உட்கார்ந்து, கரிந்த கைகளை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, தீ தானாக அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தான். சீட்டுகள் எரிந்து கம்பியாயின. விரிப்பு சாம்பலானது. எலும்புக்கூடாக நின்ற வண்டியின் நடுவில் பெட்டி மட்டும் முழுசாக நின்றது. கல்குவாரியில் ஒரு குருவியும் கத்தவில்லை.

டொக், டொக்.

இரும்பு ஆறுகிறது. ஆறும்போது தட்டும். எல்லா இரும்பும் தட்டும்.

நிறுத்தம். டொக்.

போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து அதை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கி எடுத்தான். மூக்கால் திரையைத் தேய்த்தான்.

"ஏங்க," என்றாள் மனைவி. "எங்க இருக்கீங்க? அண்ணன் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

அவன் பெட்டியைப் பார்த்தான்.

டொக், டொக். டொக்.

"இருங்க," என்றாள். அவள் குரல் சட்டென்று மாறியது. "அண்ணன் பக்கத்துலதான் இருக்கானா? தட்டுற சத்தம் கேக்குதே."

"அது... இல்ல..."

"அவன் தட்டுறது எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல இருந்து கேக்கறேன். போன அவன்கிட்ட குடுங்க."

அவன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று தெரியவில்லை. கால்கள் தாமாக நடந்தன. சாம்பலில் முட்டி போட்டு, போனைப் பெட்டிக்கு எதிரே நீட்டினான்.

தட்டுவது நின்றது.

"அண்ணா?" என்றாள் அவள்.

உள்ளே ஏதோ திரும்பிப் படுத்தது. பிறகு போனுக்கு நேர் எதிரே, மிக அருகில், பதில் வந்தது. இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். ஒரு தட்டு.

"அப்பாடா," என்று அவள் மூச்சு விட்டாள். சிரித்தாள் கூட. "இப்பத்தான் உயிரே வந்துச்சு. பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

கறுத்த தகட்டில், பழைய மேட்டுக்குப் பக்கத்தில், புதிதாக இன்னொரு மேடு எழும்பத் தொடங்கியது.