நாற்பத்திரண்டு கைநாட்டு

அவள் விரலை மூன்றாவது தடவை அழுத்தி வைத்த பிறகுதான் கதவோரத்து விரல்ரேகை இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டி, வழக்கமான பெண் குரலில் "நன்றி" என்றது. ஆனால் கட்டடத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும் அதன் சின்னத் திரை, அவள் உள்ளே வந்து நின்ற பிறகும், "உள்ளே: 0" என்றே காட்டிக்கொண்டிருந்தது.

நின்று யோசிக்க நேரமில்லை. வெடி வைக்கும் நாட்களில் சுரங்கத்தில் மூன்று சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்கு எல்லோரும் மலையின் மறுபக்கத்துக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். இரண்டாவதற்கு யாரும் அசையக் கூடாது. மூன்றாவது ஓய்ந்தால் மலை பெயரும். முதல் சங்கு ஊதியாயிற்று. வெடி நாளில் உள்ளே கூடாதென்று வாசல் காவலர் அவளுடைய கைபேசியை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டே, "என்னம்மா இது, ஊரே வெளிய ஓடறப்போ நீங்க உள்ள ஓடறீங்க? சட்டுனு வந்துருங்க, நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அலுவலகத்துக்கு இரண்டு கதவு. வெளியே இரும்பு, உள்ளே மங்கலான கண்ணாடி, நடுவில் நாலு பேர் நெருக்கியடித்து நிற்கக்கூடிய ஒரு கூடு. செம்மண் தூசி உள்ளே வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. போகும்போதும் உள்பக்கத்து இயந்திரத்தில் விரல் வைத்தால்தான் வழி விடும்; அதிலும் அதே சின்னத் திரை.

அவள் அங்கே தொடர்பு அலுவலர். பெரிய பேர்தான், மலை ஜனத்தின் பேச்சு தெரிந்த ஒரே ஆள் என்பதற்காகக் கொடுத்த வேலை. அவளும் அந்த ஜனம்தான். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து, "உங்க அப்பா புதைமேட்டுல போய் உக்காந்துட்டாராம்மா. இன்னிக்கு வெடி அங்கதானே?" என்றார். எடுத்த கவளத்தைப் போட்டுவிட்டு வெடி அதிகாரியிடம் ஓடினாள்.

வெடி அதிகாரி கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மேடு காலி. உங்கப்பாவே சம்மதிச்சு இடத்த விட்டுட்டதா கைநாட்டு இருக்கு. சாட்சி யாரு? நீதான்."

"அது அவர் கை இல்ல சார். என் கை."

சொல்லியேவிட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அந்தக் காகிதத்தக் கொண்டுவந்து காட்டு. மூணாவது சங்குக்குள்ள. வெறும் வாய்ப்பேச்சுக்கு என்னால நிறுத்த முடியாது."

மலையைத் தோண்ட வேண்டுமென்றால் மலை ஜனத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். நாற்பத்திரண்டு கை குறைந்தது. மேலாளர் பழைய பட்டியல் ஒன்றை அவள் பக்கம் தள்ளி, "உங்க ஜனம்தானே, நீயே பாத்து முடிச்சுக் குடு" என்று சிரித்தார். அந்தப் பட்டியலில் நாற்பத்தோரு பேர் எப்போதோ செத்துப்போய், அதே புதைமேட்டில் கிடந்தார்கள். நாற்பத்தொன்றாவது பெயர் அவளுடைய அம்மாவுடையது. கடைசிப் பெயர் அப்பா, ஒரு காலை இழுத்து நடப்பவர், கோடரி பட்டுக் கட்டைவிரல் நுனி போனவர். "எழுதிக் குடுக்க இது என்ன நம்ம சட்டையா? கீழ படுத்திருக்காங்கல்ல, அவங்களக் கேளு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வலது பெருவிரலை நாற்பத்திரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து, மையில் தோய்த்து வைத்தாள். செத்தவங்க வந்து கேக்கவா போறாங்க என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாவி.

கோப்பு அறையில் எப்போதும் அட்டைப்பெட்டி வாசனையும் எலிமருந்து வாசனையும்தான் இருக்கும். இன்றைக்கு அதற்கடியில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தோண்டிய குழியிலிருந்து வருவது போன்ற ஈரமண் வாசனை ஒன்று, ஜன்னல்களெல்லாம் இரும்புக் கம்பி போட்டு அடைத்திருந்தும், எங்கிருந்தோ மெல்லக் கசிந்து வந்து தரையோடு தங்கியிருந்தது. அவள் கோப்பை எடுத்து மேஜையில் விரித்தாள். மூன்று தாள்கள். நாற்பத்திரண்டும் ஒரே விரல் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அது போதும், அப்பா பிழைத்துவிடுவார்.

ஒரே விரல் இல்லை.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அகலமாக ஒன்று, குழந்தைக் கை போலச் சின்னதாக ஒன்று, ரேகை தேய்ந்து கிழடு தட்டியதாக ஒன்று. நாற்பத்தொன்றாவதில் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அரிவாள் வெட்டிய தழும்பு. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் நெற்றியில் உரசிய தழும்பு. அம்மா கை.

நாற்பத்திரண்டாவது இடம் காலி. மை பட்ட சுவடே இல்லை. அப்பா பெயருக்கு எதிரே வெள்ளைத் தாள்.

"காலிதான்! சம்மதிக்கலதான்!" வாய்விட்டுக் கத்தினாள். போதும், இதைக் காட்டினாலே போதும். தாளை உருவிக்கொண்டு ஓடி, கண்ணாடிக் கதவருகே விரலை வைத்தாள்.

"அடையாளம் தெரியவில்லை."

துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். "அடையாளம் தெரியவில்லை." விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வழவழவென்று, தோல் உரித்த அவரைப்பருப்பு மாதிரி இருந்தது. ஒரு ரேகை கூட இல்லை.

அப்போது வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்பாடா, காவலர்!

"நன்றி."

உள்ளே: 1.

"அண்ணே! கதவத் திறங்கண்ணே!"

மங்கலான கண்ணாடிக்கு அப்பால் ஒரு உருவம், அசையாமல். வெளிக்கதவு மூடியது. உடனே திறந்தது.

"நன்றி." உள்ளே: 2.

"நன்றி." உள்ளே: 3.

மேஜைத் தொலைபேசிக்கு ஓடினாள். கொட்டகை எண்ணை அழுத்தினாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் அந்தப் பெண் குரல் விடாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. பதினொன்று. பதினேழு. நாலு பேருக்கு மேல் கொள்ளாத கூடு. ஒருவரும் இடித்துக்கொள்ளவில்லை, இருமவில்லை, மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. கண்ணாடியில் மட்டும் செம்மண் கட்டைவிரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துகொண்டே போயின.

இரண்டாவது சங்கு ஊதியது.

வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும். வெளிக்கதவு மூடி நிற்கவே விடவில்லை அவர்கள். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். நாற்காலிதான் உடைந்தது.

"நான் செஞ்சது தப்புதான்! என்ன வேணா பண்ணுங்க! அவர விட்ருங்க, அவர் உங்க பக்கம்தானே உக்காந்துருக்காரு!"

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

"நன்றி."

உள்ளே: 41.

வெளிக்கதவு மூடிக்கொண்டது. கண்ணாடியில், அவள் முகத்துக்கு நேராக, தழும்பு விழுந்த கட்டைவிரல் ஒன்று மெல்லப் பதிந்தது.

"அம்மா." அந்த விரலுக்கு நேரே தன் உள்ளங்கையை வைத்தாள். "அம்மா, நான்தாம்மா. அப்பா அங்க இருக்காரும்மா. கதவத் தொறந்து விடும்மா."

விரல் கண்ணாடியை விட்டு எடுக்கப்படவில்லை. கதவு திறக்கவும் இல்லை.

வழவழத்த விரலை வைத்தாள். அடையாளம் தெரியவில்லை. வைத்தாள். அடையாளம் தெரியவில்லை. மற்ற ஒன்பது விரல்களையும் வைத்தாள். நாக்கால் நனைத்து வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள்.

மூன்றாவது சங்கு. நீளமாக. பிறகு ஓய்ந்தது.

தரை எழும்பி இறங்கியது. கூரைத் தகரம் அலறியது. அலமாரிகள் சரிந்து கோப்புகள் கொட்டின. தூசி. அப்புறம் ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை.

எண் மாறவில்லை. நாற்பத்தொன்றுதான். அவள் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாறாதே, மாறாதே என்று முணுமுணுத்தாள்.

வெளிக்கதவு திறந்தது.

ஒரு கால் இழுத்து நடக்கும் சத்தம். அவளுக்குத் தெரிந்த நடை.

"நன்றி."

உள்ளே: 42.

கண்ணாடிக் கதவின் பூட்டு தானாகச் சொடுக்கி விட்டுக்கொண்டது. பச்சை விளக்கு. கைப்பிடி கீழே இறங்கத் தொடங்கியது. அவள் கையிலிருந்த தாள் ஈரமானது. குனிந்து பார்த்தாள். காலி இடத்தில், கோடரி வெட்டி நுனி போன அரைக் கட்டைவிரல் ஒன்று, செம்மண்ணில், இன்னும் காயாமல் பதிந்திருந்தது.