சொரிமுத்துவுக்குக் கொடுத்த இடம்

கம்ப்யூட்டரின் டெலிடைப் தானாகக் காகிதத்தில் ஒரு வரி அடித்துவிட்டு நின்றது. தளவாய்க்கு அது பிடிக்கவில்லை. கடலடியில் ஆள் இருந்தால்தான் அது பேச வேண்டும். மழை வலுக்கிறது என்று முக்குளிக்கிறவர்கள் மூன்று பேரையும் மிதவையில் ஏற்றியாயிற்று என்று அங்கிருந்து போனும் வந்துவிட்டது. காகிதத்தைக் கிழித்துப் பார்த்தான். சொரிமுத்துவுக்கு மூச்சுக்காற்று போகிற ஹோஸ். நாலு இழுப்பு.

நாலு இழுப்பு என்றால் மேலே தூக்கு என்று அர்த்தம்.

ஐப்பசி மழையில் சாயங்காலமே இருட்டிப்போயிருந்தது. ஏசி அறையின் மூடின கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துறைமுக விளக்குகள் கலங்கித் தெரிந்தன. காற்றே புகாத அந்த அறைக்குள், ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் காய்ந்த தூசி வாடைக்கும் நடுவில், கடலடிச் சேற்று நாற்றம் லேசாக வந்துவந்து போனது. எங்கேயிருந்து வருகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரின் கெர்னலை எழுதினவன் அவன்தான். கெர்னல் என்றால் வேறொன்றுமில்லை, உள்ளே உட்கார்ந்து எல்லாருக்கும் இடமும் வேலையும் பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி. மெமரியோ கையகலம். துறைமுகச் சுவர் வேலைக்கு ஒரு ஆள் இறங்கினால் அவனுக்கென்று அதில் ஓர் இடம் ஒதுங்கும். அவனுடைய ஆழம், காற்று, ஹோஸை இழுத்துக் காட்டுகிற சைகை எல்லாம் அங்கே பதிவாகும். ஏறினதும் மிதவையில் அவனுடைய ஹோஸ் பிளக்கைப் பிடுங்குவார்கள். இடம் திரும்பி வரும், அவனுக்குப் போகிற காற்றும் தானாக நின்றுவிடும். கொடுத்த இடம் திரும்பியே ஆக வேண்டும் என்பது தளவாய் வைத்த சட்டம். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நாளைக்கு மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள்.

இப்போது இரண்டு இடம் திரும்பிவிட்டது. ஒன்று வரவில்லை.

மறுபடியும் டெலிடைப். நாலு இழுப்பு.

சொரிமுத்து வேறு யாருமில்லை, பெண்டாட்டி பேச்சியின் ஒரே தம்பி. “அவன் உசிரு ஒங்க மெஷின் கையிலதான் இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று காலையில்கூட அவள் சொல்லித்தான் அனுப்பினாள். தளவாய் போனைச் சுழற்றினான். மிதவையில் ஹோஸ் பார்க்கிற ஜேசுபாதம் எடுத்தார்.

“சொரிமுத்து ஏறிட்டானா அண்ணாச்சி?”

“ஏறியாச்சு சார். இங்கனதான் உக்காந்திருக்காவ.”

“பின்ன ஏன் பிளக்கைப் பிடுங்கல?”

“ஹோஸ் அடியில எங்கயோ மாட்டிக்கிட்டு. அறுத்துட்டு வந்திருப்பாவ போல. பிளக்கும் உப்புப் பிடிச்சு வரமாட்டேங்கு. நீங்க அங்கன காத்த நிறுத்துங்க, நாங்க ஹோஸ இழுத்துக்கிடுதோம். கடல் சரியில்ல சார்.”

தளவாய்க்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அலைக்கு ஆடுகிற ஹோஸ். அவ்வளவுதான். ஆழம் என்று இன்னும் கடலடியையே காட்டுகிறதே என்று ஒரு நெருடல். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. மதியம் கரண்ட் போய் வந்தது. இந்த மெமரி காந்தத்தில் எழுதுகிற மெமரி, கரண்ட் போனாலும் எழுதினது எழுதினபடி நிற்கும். பழசு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டெலிடைப் அடித்தது. அடித்தது. அடித்தது.

எரிச்சலோடு கட்டளையைத் தட்டி அந்த இடத்தைத் தானே விடுவித்தான். இயந்திரம் வாங்கிக்கொண்டது. டெலிடைப் ஓய்ந்தது. அறையில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.

அந்த அமைதி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடத்தை விடுவித்தாலும் உள்ளே இருப்பதை அவனுடைய கெர்னல் அழிக்காது. அழிக்க நேரமாகும் என்று அவன்தான் அப்படி அமைத்திருந்தான். அந்த இடத்தில் கிடந்ததை அச்சடிக்கச் சொன்னான்.

பழசு என்றால் அசையாமல் கிடக்க வேண்டும். இது கூடிக்கொண்டே வந்திருந்தது. நாலு, கொஞ்சம் இடைவெளி. நாலு, கொஞ்சம் இடைவெளி. அலைக்கு ஏது கணக்கு? கடைசியில் இடைவெளியே இல்லை. அவன் விடுவித்த நொடி வரைக்கும் இழுப்பு, இழுப்பு, இழுப்பு.

போன் அடித்தது. ஜேசுபாதத்தின் குரல் தாழ்ந்திருந்தது.

“சார். காத்து நின்னதும் ஹோஸ் பிடுங்குன பிடுங்குல ரெண்டு பேரு விழுந்துட்டாவ.”

“இப்ப?”

“இப்ப ஆடல.”

தளவாய் போனைக் காதோடு அழுத்தினான். “அண்ணாச்சி, அங்க இருக்கானே. அவன் ஏதாவது பேசினானா?”

“வந்ததுலேருந்து பேச்சே இல்ல. ஹெல்மெட்டையும் கழட்ட விடல.” குரலை இன்னும் தாழ்த்தினார். “கண்ணாடிக்கு உள்ள தண்ணி நிக்கி சார். கழுத்து வரைக்கும் இல்ல. உச்சி வரைக்கும்.”

மறுபடியும் இடம் கேட்டுத் தட்டினான். இயந்திரம் உடனே கொடுத்தது. காற்று திறக்கவில்லை. இறங்குகிறவன் மிதவையில் புதிதாகப் பிளக் சொருகினால்தான் திறக்கும். அதுவும் அவன் வைத்த சட்டம். தட்டினான். தட்டினான். பிரயோசனமில்லை. அய்யோ, நானே கொன்னுட்டேனே என்று வாய்விட்டு அழுதான்.

ஜன்னலுக்கு வெளியே மிதவை கரை தொட்டது. தொட்ட கையோடு அதிலிருந்தவர்கள் குதித்து ஓடினார்கள். ஜேசுபாதமும் ஓடினார். கடைசியாக ஒன்று மட்டும் அவசரமில்லாமல் கரையேறியது. பித்தளை ஹெல்மெட். ஈய பூட்ஸ். பின்னால் ஹோஸ் இல்லை.

படகுத்துறை விளக்கடியில் ஒரு பொம்பளை நின்றாள். பேச்சி. தம்பி நனைவானே என்று குடை கொண்டு வந்திருக்கிறாள்.

தளவாய் கண்ணாடியை அறைந்தான். கத்தினான். மூடின கண்ணாடி. மழை. அவள் திரும்பவில்லை.

பேச்சி எதிரே நடந்து போனாள். முந்தானையால் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு தம்பி முகத்தையே கண்டவள் போலச் சிரித்துக்கொண்டே அதன் கையைப் பிடித்து, குடையை அதன் பக்கம் சாய்த்து, வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனாள்.