முப்பத்தெட்டு மாம்பழங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி அலுவலகத்தைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ராஜபாளையத்து ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர் குருசாமி உள்ளே வந்து, ஒரு கவரை மேசைமேல் வைத்தார்.

"மொட்டைக் கடுதாசி மேடம். நேத்து தபால்ல வந்துச்சு. சென்னை ஆபீசுக்கும் ஒரு நகல் போயிருக்காம்."

கல்வி அலுவலர் செல்வலட்சுமி கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்துவிட்டு, பக்கத்திலிருந்த ஆசிரியர் பயிற்றுநர் பியூலாவிடம் நீட்டினார். கணினியில் தட்டச்சு செய்த கடிதம்.

"மூன்றாம் வகுப்பு ஆசிரியை யுவராணி, அடைவுத் தேர்வுக்கு முந்தைய நாளே வினாவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். 38 மாம்பழங்களை 4 கூடைகளில் சமமாக வைத்தால் ஒரு கூடையில் எத்தனை என்ற கணக்கு அவருடைய பயிற்சித் தாளில் இருந்தது. மறுநாள் தேர்விலும் மாம்பழக் கணக்கே வந்தது. இவர் முதலிடம் பிடிக்கும் லட்சணம் இதுதான்."

பியூலாவுக்கு அந்த வரிகள் தித்தித்தன. யுவராணியும் அவளைவிடச் சற்று மூத்தவளான பியூலாவும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். அந்தக் காலத்திலேயே விரிவுரையாளர்கள், "யுவராணி பிரமாதம். பியூலாவும் பரவாயில்லை" என்பார்கள். அந்த 'உம்' இருபது வருடமாக அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. இந்த வருட அடைவுத் தேர்வில் யுவராணியின் வகுப்புக்குத் தொண்ணூற்று மூன்று சதவீதம், வட்டாரத்திலேயே முதலிடம். நல்லாசிரியர் விருதுக்கும் அவள் பெயர் போயிருந்தது.

"கெளம்புவோமா மேடம்?" என்று பியூலா முதல் ஆளாக எழுந்தாள். "புள்ளைக நோட்டைப் பாத்தா வண்டவாளம் தெரிஞ்சிரும்."

"பாப்போம்" என்றார் செல்வலட்சுமி.

பள்ளி வராந்தாவில் யுவராணி முகம் வெளுத்து நின்றாள். அவளுடைய கணவர் ராம்குமார் அன்று விடுப்புப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் அவளை அழைத்து வந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு பள்ளியில் அவரும் மூன்றாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுத்தார். அவருடைய வகுப்பு வாங்கியது நாற்பத்தொரு சதவீதம் என்பது பியூலாவுக்கு நினைவுக்கு வந்தது. பாவம், அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மனைவிக்குத் துணையாக வந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் வகுப்பு ஆசிரியர் ஐயாதுரை வலிய வந்து பேசினார். "தேர்வுக்கு மொத நாள் அந்தம்மா தாள் குடுத்தது நெசந்தான் மேடம். எல்லாப் புள்ளையும் கையில வச்சிருந்துச்சு. எங்க வகுப்பும்தான் படிக்குது, எங்களை யாரு கேக்கா?"

குருசாமி பியூலாவின் காதருகே குனிந்து, "கடுதாசி இவரு வேலையாத்தான் இருக்கும்" என்று முணுமுணுத்தார். யார் எழுதினால் என்ன, எழுதியது உண்மைதானே என்பது பியூலாவின் எண்ணம்.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பயிற்சித் தாள் ஒவ்வொரு நோட்டிலும் ஒட்டியிருந்தது. பியூலா பரபரவென்று புரட்டினாள்.

"இந்தா மேடம்! மாம்பழம், நாலு கூடை!"

"சத்தமா வாசிங்க."

"36 மாம்பழங்களை 4 கூடைகளில்..." பியூலா நிறுத்தினாள். அடுத்த நோட்டை எடுத்தாள். அதிலும் 36. எல்லாம் ஒரே தாளின் நகல்கள். "ஒரு நம்பர் மாறிப்போச்சு, அம்புட்டுதான மேடம்? தேர்வுல என்ன வந்துச்சு?"

"48 பழம், 6 கூடை. பாடப் புத்தகத்துலயே இந்த மாதிரி மூணு கணக்கு இருக்கு" என்ற செல்வலட்சுமி, கரும்பலகையில் கடிதத்திலிருந்த கணக்கை எழுதினார். "யாரு சொல்லுவா?"

முன்வரிசைச் சிறுமி விரலை மடக்கிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "தப்புக் கணக்கு டீச்சர். ரெண்டு பழம் மிஞ்சும்."

"அந்த ரெண்டையும் நம்ம திம்போம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது.

செல்வலட்சுமி அங்கேயே புதிதாகப் பத்துக் கணக்குகள் கொடுத்தார். திருத்தும் வேலையைப் பியூலா கேட்டு வாங்கிக்கொண்டாள். சிவப்புப் பேனாவோடு தப்பைத் தேடித் தேடிப் பார்த்தாள். பதினெட்டுப் பிள்ளைகள் பத்துக்குப் பத்து. மீதி நால்வரும் ஒன்பது. பேனாவை மூடும்போது அவள் காது சூடாகியிருந்தது.

மதியம் தலைமையாசிரியர் அறையில் எல்லோரும் கூடினார்கள். ராம்குமார் கதவருகே மனைவியின் பையைப் பிடித்தபடி நின்றார்.

"பயிற்சித் தாள் குடுக்குறது குத்தமில்ல. புள்ளைகளுக்குக் கணக்கு தெரியுது, இப்ப நாம எல்லாரும் பாத்தோம். அதனால புகார் பொய்" என்றார் செல்வலட்சுமி. "ஆனா எழுதுனவரு ஒரு எண்ணைத் தப்பா எழுதியிருக்காரு. ஏன் முப்பத்தெட்டு?"

"தட்டச்சுப் பிழையா இருக்கும்" என்றார் ஐயாதுரை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். யுவராணி, நீங்க கையால எழுதுன தாளை எடுங்க."

யுவராணி கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாம்பழக் கணக்கில் ஓர் இலக்கத்தின்மேல் வெள்ளை மை பூசி, அதன்மேல் 6 எழுதியிருந்தது. செல்வலட்சுமி தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். மைக்கு அடியில் 8 மங்கலாகத் தெரிந்தது.

"எப்பத் திருத்துனீங்க?"

"தாள் குடுத்த அன்னைக்குக் காலையில பஸ்ல வரும்போதுதான் மேடம் கவனிச்சேன், நாலால வகுபடலையேன்னு. ஸ்கூல் வாசல் ஜெராக்ஸ் கடையில மை வாங்கித் திருத்திட்டு, பொறவுதான் நகல் எடுத்தேன்."

"அப்ப இந்தப் பள்ளிக்கூடத்துல யாருமே முப்பத்தெட்டைப் பாக்கலை. ஐயாதுரை சாரும் பாக்கலை. அவரு கண்டது முப்பத்தாறு. திருத்துறதுக்கு முன்னால தாள் எங்க இருந்துச்சு?"

"வீட்ல. சாப்பாட்டு மேசையிலதான் வச்சிருந்தேன். அங்க வேற யாரும்..."

யுவராணி பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. மற்ற எல்லோரும் திரும்பினார்கள்.

ராம்குமார் பையைக் கீழே வைத்தார். மறுப்பார் என்று பியூலா எதிர்பார்த்தாள், அவர் மறுக்கவில்லை.

"ஒரே வருசம் வேலைக்குச் சேந்தோம் மேடம். எங்க ஸ்கூல் புள்ளைகளே என்னைய 'யுவராணி டீச்சர் வீட்டுக்காரர்'ங்குது. இதுல விருதும் வந்துட்டா, எனக்குன்னு ஒரு பேரே இருக்காதுன்னு தோணிருச்சு. ஒரு விசாரணை வந்தா விருது தள்ளிப்போகும்னு நெனச்சேன். வேலைக்கே ஆபத்து வரும்னு நெனைக்கல."

யுவராணி அப்போதுதான் அவரைப் பார்த்தாள். "முப்பத்தெட்டைப் பாத்ததும், வகுபடாதுன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்றாள்.

அடித்திருந்தால்கூட அவர் முகம் அப்படிச் சுருங்கியிருக்காது.

புகாரில் உண்மை இல்லை என்று இன்றே சென்னைக்கு எழுதுவதாகச் சொன்ன செல்வலட்சுமி, ராம்குமாரை மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே ராம்குமார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காத்திருந்தார். யுவராணி அவரைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"பியூலாக்கா, உங்க வீட்ல ரெண்டு நாள் தங்கிக்கிடட்டுமா?"

'வா' என்று சொல்லிவிடலாம். அதற்குமேல் இவள் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அப்படிச் சொல்லிக் கூட்டிப்போனால், தன் வீட்டிலும் அதே சாப்பாட்டு மேசைதான் இருக்கும் என்று பியூலாவுக்குப் பட்டது.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும். எனக்கும் உம்மேல பொறாமை இருந்துச்சு. கடுதாசியப் படிச்சப்ப சந்தோசப்பட்டேன். புள்ளைக நோட்டுல தப்பு இருக்காதான்னுதான் தேடுனேன்."

யுவராணி தலையசைத்தாள்.

"தெரியும்க்கா. படிச்ச காலத்துலேயே தெரியும்" என்றாள். "ஆனா நீங்க மூஞ்சிக்கு நேரா மொறைப்பீக."

வண்டிச் சத்தம் மெல்ல நகர்ந்து தெருமுனையில் அடங்கியது. பியூலா கைநீட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். முதலில் யுவராணியை ஏறச் சொன்னாள்.