படத்தில் பின்னால் நின்றவள்

“மங்களம், கோட்டிலை தூசி நிக்குது. இன்னொருக்காத் தட்டிவிடும்.”

ஜெயரத்தினம் இதை மூன்றாவது முறையாகச் சொன்னபோது காலை எட்டரை மணி. கோட்டில் தூசி இல்லை. ஆனாலும் மங்களேஸ்வரி தட்டினாள். பின்னேரம் மூன்று மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் இருநூறு பேர் பார்க்கப்போகிற கோட்டு அது. ‘மீண்டும் என் பாசறையில்’ என்று அங்கே காட்டப்போகிற அவருடைய படத்துக்குப் பெயர். ஓஸ்லோவில், வெஸ்ட்லி மரக்கறிக் கடை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் அவர் தலைக்குப் பின்னால் வன்னிக் காடு தீப்பிடித்து எரிந்தது. உண்மையில் அந்தக் காட்டில் அவரை எரித்தது வேர்க்குரு மட்டுந்தான்.

ஓஸ்லோத் தமிழர் நடுவில் ஜெயரத்தினம் ‘பயிற்சி எடுத்தவர்’. அது பொய்யில்லை. எண்பதுகளில், வன்னியில் இயக்கத்தின் முகாமில், பத்தொன்பது நாள் எடுத்தார். இருபதாம் நாள் அம்மாள் வருத்தம் கண்டு வேப்பிலைக் கொத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கொழும்பு, அதன் பிறகு நோர்வே. இங்கே அந்தப் பத்தொன்பது நாளும் மேடைக்கு மேடை வளர்ந்து மூன்று வருடமாகியிருந்தது.

வளர்வதற்குத் தீனி வந்தது மனைவியிடமிருந்து. கலியாணம் கட்டி வந்த முதல் குளிர்காலத்தில் மங்களேஸ்வரி தன் ஐந்து வருடத்தையும் அவரிடம் சொன்னாள். அதே வன்னிக் காட்டில், பெண்களின் முகாமில், புதிதாக வருகிற பிள்ளைகளைப் பழக்கியவள் அவள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “இதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதையும். அம்மாவுக்குத் தெரிஞ்சால் இயக்கத்திலை இருந்த பெட்டையோ எண்டு குதிப்பா. எனக்கும் மரியாதையில்லை.”

அவள் சொல்லவில்லை. அவர் சொன்னார். அடுத்த வருடமே மேடையில், அவள் தவழ்ந்த சேற்றில் அவர் தவழ்ந்தார். அவள் குடித்த உப்பில்லாக் கஞ்சியை அவர் குடித்தார். பின் வரிசையில் கடதாசித் தட்டுகளை எண்ணிக்கொண்டு அவள் கேட்டிருந்தாள்.

மகள் யதுர்ஷா பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். ஆறு மணி ரயிலில் துரொண்ட்ஹெய்ம் போகிறாள், படிக்க.

“சாப்பிட்டியா?”

“ஓம்.”

பதினாலு மாதமாகத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இவ்வளவுதான் பேச்சு. யதுர்ஷா நோர்வே ராணுவத்தில் கட்டாய சேவைக்குப் போன வருடம், முதல் விடுமுறைக்குச் சீருடையோடு வாசலில் வந்து நின்றாள். மங்களேஸ்வரி கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “அந்த உடுப்போடை என்ரை கண்ணிலை படாதை” என்று சொன்னாள். பெற்றோரை முகாமுக்கு அழைத்த நாளில் தகப்பன் மட்டும் போய் மூன்று அதிகாரிகளோடு படம் எடுத்துக்கொண்டு வந்தார். தாய் போகவில்லை. அன்றிலிருந்து இந்த ‘ஓம்’. இதைத் தீர்க்காமல் பிள்ளை போய்விட்டால் பிறகு வருமா… என்று எண்ணிக்கொண்டே மங்களேஸ்வரி குனிந்தாள். வாசலில் மகளின் சப்பாத்தை, வீட்டிலுள்ள எல்லாச் சப்பாத்தையும் போல, நுனி கதவைப் பார்க்க நேராக வைத்தாள். எழும்பினால் காலை நுழைத்து ஓடக்கூடியதாக. முப்பது வருடத்துப் பழக்கம்.

மண்டபம் நிறைந்திருந்தது. சங்கத் தலைவர் ஆனந்தராஜா, மடியில் பொன்னாடையோடு, ‘காட்டின் மைந்தன்’ என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினார். நோர்வேக்கு விமானத்தில் வந்து, பஸ் நிறுவனத்தில் வேலை செய்து, ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் மைந்தன், கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

படம் தொடங்கியது. போன மாதம் குடும்பமாக ஊருக்குப் போனபோது யதுர்ஷா தன் கைத்தொலைபேசியில் எடுத்தது. முகாம் இருந்த இடத்துக்குப் போகிற வழியில் ஓட்டோவை மூன்று தரம் திருப்பினார்கள். மைந்தனுக்கு வழி தெரியவில்லை. நான்காம் தரம், பின் இருக்கையிலிருந்து மங்களேஸ்வரி “பாலை மரத்தடியாலை இடப்பக்கம்” என்றாள். அந்தத் துண்டு படத்தில் இல்லை.

திரையில் ஜெயரத்தினம் ஒரு வெட்டைவெளியில் நின்று முழங்கினார். “இந்த மண்ணிலைதான் நான் தவண்டனான்…”

மெல்ல அவருடைய தோள் ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு காது. பிறகு அவரே இல்லை. குரல் மட்டும் முழங்கிக்கொண்டிருக்க, படம் அவருக்குப் பின்னால், தூரத்தில் நின்ற பெண்ணை நோக்கிக் கிட்டவாகப் போனது.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், நுனி வெளியே பார்க்க. நிமிர்ந்து நின்றாள். வெறும் வெட்டையைப் பார்த்து வாய் அசைந்தது. நின்றது. திரும்ப அசைந்தது. நின்றது.

“மெஷினிலை பிழை. லைற்றைப் போடுங்கோ,” என்று ஜெயரத்தினம் எழும்பினார்.

“பிழையில்லை, அப்பா.” கணினியடியில் யதுர்ஷா நின்றாள். “அண்டைக்கு உங்கடை பேச்சு அலுத்துப்போய்த்தான் கமராவைத் திருப்பினனான். போன கிழமை வெட்டி ஒட்டேக்கைதான் வடிவாப் பாத்தன்.” அவள் பின் வரிசையைப் பார்த்தாள். “அம்மா, ஆரைக் கூப்பிடுறீங்கள்?”

மங்களேஸ்வரியின் கையில் தேநீர்க் கேத்தில்.

“பதினொரு தரம் வாய் அசையுது. ஒவ்வொரு தரத்துக்குப் பிறகும் கொஞ்சம் நிக்கிறீங்கள். எங்களுக்கும் முகாமிலை காலமை ஒப்ஸ்டில்லிங் இருந்தது. வரிசையிலை விட்டுப் பேர் கூப்பிடுவினம். பதில் வருமட்டும் அப்பிடித்தான் நிப்பினம். உது பழகின ஆள் நிக்கிற மாதிரி, அம்மா.”

மங்களேஸ்வரி கேத்திலை வைத்தாள். கணவனைப் பார்த்தாள். இருபத்துநாலு வருடமாகப் பூட்டிய வாய் தானாகத் திறந்தது.

“கோதை,” என்றாள்.

நின்றாள்.

“அருவி.”

ஒவ்வொரு பெயராக வந்தது. பத்தும் முடிந்து பதினோராவதுக்கு வந்தாள்.

“நிலமதி… கடைசியா வந்தவள். சப்பாத்து வார் கட்டத் தெரியாது. நான்தான் குந்தியிருந்து கட்டிப் பழக்கினன்.”

பதிலுக்காக அவள் நின்ற அந்த நொடி யதுர்ஷாவுக்குத் தாங்கவில்லை. ஒரு வருடம் பழகிய சொல் வாயில் வந்துவிட்டது. இங்கே இருக்கிறேன் என்று நோர்வே வரிசையில் சொல்கிற சொல்.

“ஹேர்.”

மங்களேஸ்வரி கதிரைகளை இடித்துக்கொண்டு ஓடிவந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

“சொல்லாதை. இதுக்கு நீ பதில் சொல்லக்கூடாது… நான் கூப்பிட்டால் ‘ஓம் அக்கா’ எண்டு வந்து நிண்டாளவை, பிள்ளை. பழக்கி அனுப்பினது நான். ஒருத்தியும் திரும்பி வரேல்லை. அவளவை சண்டைக்குப் போன அண்டைக்கு நான் குலைப்பன் காய்ச்சலிலை கிடந்தனான்… நான் இருக்கிறன். உன்னை அந்த உடுப்போடை கண்ட உடனை நீ பன்னிரண்டாவதா நிக்கிற மாதிரி… அதுதான் கதவைச் சாத்தினனான்.”

“நான் நினைச்சன், அம்மா… உங்களுக்கு என்னாலை வெக்கமெண்டு.”

“உன்னாலையோ… என்ரை குஞ்சு.”

இருவரும் அப்படியே தரையில் இருந்துவிட்டார்கள். முன் வரிசையில் இருந்த சிறிதேவி, மைந்தனின் பேச்சுக்கெல்லாம் அழுகிறவள், இப்போது அழத் தெரியாமல் விழித்தாள்.

ஆனந்தராஜா பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி கணவனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். நிரலில் இதற்கு வழியில்லை. கடைசியில் மங்களேஸ்வரி பக்கம் வந்தார்.

“வேண்டாம், அண்ணை.” அவள் அதை வாங்கி, நாலு விரல் அகலத்துக்கு ஓரம் பிசகாமல் மடித்து, ஜெயரத்தினத்தின் கையில் கொடுத்தாள். “இது உங்கடைதான். பத்தொன்பது நாளும் நீங்கள் உண்மையாக் கஷ்டப்பட்டனீங்கள்.”

மெட்ரோவில் வீட்டுக்கு வந்தார்கள். குசினி மேசையில் பொன்னாடையை முன்னால் வைத்துக்கொண்டு ஜெயரத்தினம் மெதுவாகச் சொன்னார்: “மங்களம்… அந்த நிலமதியை… நான் என்ரை தோழன் எண்டு மேடையிலை சொன்னனான்.”

“தெரியும். கேட்டனான். நீங்கள் சொல்லேக்கை நல்லாக் கைதட்டினவை.”

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அவருக்கும் ஒரு தேநீர் ஊற்றி வைத்தாள். சீனி போடவில்லை, அது கோபத்தாலா, அவருடைய நீரிழிவாலா என்று அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு யதுர்ஷா வாசலுக்கு வந்தாள். தாய் குந்தியிருந்து அவளுடைய சப்பாத்து வாரைக் கட்டிவிட்டாள். இருபது வயதுப் பிள்ளை கட்டவிட்டாள்.

“போட்டு வாறன், அம்மா.”

“வா.”

லிப்ட் இறங்கிய பிறகு மங்களேஸ்வரி திரும்பினாள். மகளின் பழைய வீட்டுச் செருப்பு வாசலில் கிடந்தது, நுனி கதவைப் பார்த்தபடி. அவள் குனிந்து, அதன் நுனியை வீட்டுக்குள் பார்க்கத் திருப்பி வைத்தாள்.