வாசிலியின் ரிசீவர்

விமானம் கொட்டகையை விட்டு ஓரடிகூட நகரவில்லை. ஆனால் மடியிலிருந்த டேப்லெட், அது அறுபது மைல் தள்ளி ஏரி நடுவே இருப்பதாகக் காட்டியது.

நஸ்தாசியா விமானி இருக்கையில் உட்கார்ந்தபடியே எரிச்சலோடு அதை அணைத்து மறுபடி போட்டாள். ஆற்றின் மேல்பக்கக் கிராமங்களுக்கான தபால் மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. வெளியே அலாஸ்காவின் அக்டோபர் மூடுபனி ஓடுதளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. தகரக் கூரை குளிரில் டிக் டிக்கென்று சுருங்கியது. பெட்ரோல் வாடைக்கு நடுவே எங்கிருந்தோ பாசி வாடையும் வந்தது. திரையில் மறுபடியும் அதே ஏரி.

பக்கத்து ஊரில் மெக்கானிக்காக இருக்கும் கொழுந்தன் நிக்கோலாயைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, மறுபடி மக்கர் பண்ணுதா? தகரத்துக்கடியில உக்காந்துக்கிட்டு சிக்னல் வரலன்னா, அது என்ன பண்ணும் பாவம்?"

"சிக்னல் நல்லாத்தான்டா வருது. இடந்தான் தப்பு."

"இடம் சொல்ற வெளி ரிசீவர் எதையாவது புடிச்சிருக்கும். அது கெடைச்சா டேப்லெட் சொந்த புத்திய விட்டுரும். லிஸ்டுல எது ஓடுதுன்னு பாருங்க."

பார்த்தாள். 'வாசிலி'. இணைந்திருக்கிறது.

போன அக்டோபரில் அவள் கணவன் வாசிலி விமானத்தோடு காணாமல் போனான். பதினொரு நாள் தேடினார்கள். உடல் கிடைக்காமல் வெறும் மண்ணில் சிலுவை நட்டார்கள். தீப்பெட்டி அளவுள்ள அவனுடைய ரிசீவரும் அவனோடுதான் போனது. பட்டியலிலிருந்து பெயரை நீக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். அந்தப் பெயராவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உங்க அண்ணனோடது."

மறுமுனையில் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்தது.

"அது முப்பது அடிக்கு மேல எட்டாது, அண்ணி. நீக்கிட்டு வெளிய வந்துருங்க. இப்பவே."

விரல் 'நீக்கு' மேல் நின்றது. உயரத்தைப் பார்த்தாள்: ஏரி மட்டத்துக்கு நாற்பது அடி கீழே. ஒரு வருடமாக அவள் அழுது கேட்ட இடம் இதுதான். இனி உடலை எடுத்து வந்து புதைக்கலாம். இடத்தைக் குறிக்கும் எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டபோது கண்ணீர் மையைக் கரைத்தது. போனை வைத்துவிட்டாள்.

திரையில் விமானக் குறி நகர்ந்தது.

ஏரியை விட்டு மேலெழுந்தது. நேராக வரவில்லை. அவள் கோடையில் சால்மன் மீன் காயப்போடும் முகாமுக்கு மேலே, வாசிலி எப்போதும் செய்வதுபோல, ஒரு வட்டம் அடித்தது. பிறகு கணவாய் வழியாக ஊரை நோக்கித் திரும்பியது. அரைமணி நேரம் அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியாவது வந்துவிடு என்று தினமும் கேட்டவள் அவள்தானே.

அணைந்திருந்த ரேடியோவில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"பத்து மைல், நஸ்தா. காபி போடு."

இறங்குமுன் அவன் தினமும் சொல்வது. ஊர்ப் பெண்களெல்லாம் வீட்டு ரேடியோவில் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஐந்து மைல். ஒன்று. ஓடுதளம். எஞ்சின் சத்தமே இல்லை.

கொட்டகை.

குறி நின்றது. இப்போது திரை சரியான இடத்தைத்தான் காட்டியது.

வலது இருக்கை அழுந்தியது. தரையில் நீர் சொட்டியது. பாசி வாடை.

அவள் திரும்பவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றி, பக்கவாட்டில் நீட்டினாள்.

சில்லிட்ட விரல்கள் கோப்பையோடு அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்தன. விடவில்லை.